தெரியாத டேமில் தூண்டில் போடுவது எப்படி: மாசி முதல் சித்திரை வரை மலையகத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆற்றில் மீன் பிடித்துப் பழகியவன் டேமில் தோற்றுப்போவான். நான் தோற்றேன். தலவாக்கலைப் பக்கம் லயத்துக்குக் கீழே ஓடிய ஆற்றில் மூங்கில் கம்பும் மண்புழுவுமாக வளர்ந்தவன் நான். மவுசாகலை டேமை முதன்முதலில் பார்த்தபோது, இவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, எங்கே போட்டாலும் மீன்தானே என்று நினைத்தேன். நாலு பேர் போனோம், இரண்டு நாள் கிடந்தோம், பதினேழு கொக்கியைத் தண்ணீருக்குள் தொலைத்துவிட்டு உள்ளங்கை அளவில் மூன்று திலாப்பியாவோடு திரும்பினோம். எங்களில் ஒருவனுடைய ஒற்றைச் செருப்பு இன்னமும் அந்தச் சேற்றுக்குள்தான் இருக்கிறது.

எங்கே பிழைத்தது என்று புரிய இரண்டு வருடம் எடுத்தது. டேம் குளமில்லை, தண்ணீர் ஏறிய பள்ளத்தாக்கு. உள்ளே பழைய ஆறு இருக்கிறது, பழைய ரோடு இருக்கிறது, தேயிலை மலை இருக்கிறது, வெட்டிவிட்டுப் போன மரக்கட்டைகள் இருக்கின்றன. 1960களின் கடைசியில் மவுசாகலை டேம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே அதற்குள் போனது. கடும் வரட்சி வந்தால் அந்த ஊரின் கோயில், விகாரை, பள்ளிவாசல் சிதைவுகள் மேலே தெரியும். அதைப் பார்க்கவே சனம் திரண்டு வரும். மீன்களுக்கு அந்த ஊர் இன்னமும் ஊர்தான். அதன் சந்துபொந்துகளில்தான் அவை திரிகின்றன. அதனால் தெரியாத டேமுக்குப் போகிறவனுடைய முதல் வேலை மீன் தேடுவதில்லை, அடியில் என்ன கிடக்கிறது என்று தெரிந்துகொள்வது. அதற்குத் தோதான காலம், தண்ணீர் இறங்கிக் கிடக்கும் இந்த மாசி, பங்குனி மாதங்கள்.

எப்போது போவது

நுவரெலியாவில் வசந்த காலம் என்றால் ஏப்ரல். நமக்கு அது பெப்ரவரி கடைசியிலேயே தொடங்கிவிடும். மேற்குச் சரிவில் இருக்கும் காசல்ரீ, மவுசாகலை இரண்டையும் நிரப்புவது மே மாதம் இறங்கும் தென்மேற்குப் பருவமழை. ஜனவரிக்குப் பிறகு மழை குறையும். மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். மார்ச்சில் கரை வெளியே வந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்புறம் மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முழுக்க, காலையில் பளிச்சென்று வெயில், மத்தியானம் தாண்டினால் இடியும் மழையும்.

என் கணக்கு இப்படி: இடம் பார்க்க பெப்ரவரி கடைசி, மீன் பிடிக்க மார்ச் பிற்பாதி. பெப்ரவரியில் இரவுக் குளிர் இன்னும் விட்டிருக்காது. திலாப்பியா சூட்டுக்குப் பழகிய மீன், குளிர்ந்த தண்ணீரில் சோம்பிக் கிடக்கும். மார்ச்சில் கரையோரத் தண்ணீர் சூடேறியதும் மேலே வரும்.

நாட்காட்டியில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி ரோடு சனி ஞாயிறில் யாத்திரை வண்டிகளால் அடைபட்டுவிடும், அறையும் கிடைக்காது. செவ்வாய், புதன் போல நடு வாரத்தில் போவது உத்தமம். இரண்டாவது, போயா தினம். அன்றைக்கு மீன் பிடிப்பதைச் சிங்களக் கிராமங்களில் விரும்பமாட்டார்கள். மறுநாள் அதே ஆட்களிடம்தான் வழி கேட்க வேண்டியிருக்கும். விகாரைக்கு முன்னால் உள்ள தண்ணீரில் எந்த நாளும் போடாதீர்கள். மூன்றாவது, சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 10 முதல் 13 வரை கொழும்பில் வேலை செய்யும் மலையகத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். கம்பும் பையுமாக அந்த பஸ்ஸில் ஏற நினைத்தால் நீங்கள்தான் முட்டாள்.

எந்த டேம்

முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது காசல்ரீ. டிக்கோயாவிலிருந்து நோர்வூட் போகும் ரோடு தண்ணீரை ஒட்டியே ஓடுவதால், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பாதிக் கரையைப் பார்த்துவிடலாம். ஏதாவது ஆனால் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை பக்கத்தில்.

மவுசாகலை அதைவிடப் பெரியது, தனிமையானது, சேறு அதிகம். மீனும் அதிகம் என்பது என் நம்பிக்கை, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கொத்மலையில் பல இடத்தில் கரை செங்குத்தாக இறங்கும். அங்கேயும் பல விகாரைகள் தண்ணீருக்குள் போயின. கடதொர விகாரையின் சிதைவுகள் தண்ணீர் வற்றினால் தெரியும். விக்டோரியா வேறு கணக்கு. 122 மீட்டர் உயரக் கட்டு, 722 மில்லியன் கனமீட்டர் கொள்ளளவு, தாழ்வான சூடான பகுதி. மீன் பெரிதாக வளரும். ஆனால் அந்தப் பக்கத்தில் விக்டோரியா-ரந்தெனிகல-ரந்தம்பே சரணாலயமும் இருக்கிறது, ரந்தெனிகலைப் பக்கம் யானையும் இருக்கிறது. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

தலவாக்கலை மேல் கொத்மலையை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சின்னத் தேக்கம், மழை பெய்தால் வான்கதவைத் திறந்துவிடுவார்கள். டிரவுட் ஆசையில் ஹோர்ட்டன் சமவெளி ஓடைக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1988 முதல் அது தேசியப் பூங்கா, அங்கே தூண்டிலை வெளியே எடுக்க முடியாது.

வீட்டில் இருந்தே பள்ளத்தாக்கைப் பார்ப்பது

இதற்கு ஒரு மாலை போதும். கணினியில் கூகுள் ஏர்த்தைத் திறந்து, பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்துங்கள். வருடம் வருடமாகப் பின்னால் போனால் எங்காவது ஒரு வரட்சிக் காலப் படம் அகப்படும். தண்ணீர் பச்சையாக நிறைந்த படத்தையும் செம்மண் கரை வெளியே தெரியும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நிறைந்த படத்தில் வெறும் தண்ணீராக இருந்த இடத்தில், வற்றிய படத்தில் நாக்கு மாதிரி ஒரு மேடு நீண்டிருக்கும். பழைய ரோடு நேராக வந்து தண்ணீருக்குள் இறங்கும். ஓடை வந்து விழும் இடத்தில் வண்டல் விசிறியாகப் பரவியிருக்கும். இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடம் (ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டுவது) யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. டேம் கட்டும் முன்னால் அச்சானதாக இருந்தால் பழைய ஆற்றின் வளைவு அப்படியே அதில் இருக்கும். எனக்கு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் பிரதியைக் காட்டினார்; கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன்.

மேடு ஒன்று, பழைய ஆற்றின் வளைவு கரைக்குக் கிட்ட வரும் இடம் ஒன்று, ஓடை வாய் ஒன்று. மூன்று இடம் போதும். பத்து இடம் குறித்துக்கொண்டு போனால் பத்திலும் அரை மணி நேரம் நின்றுவிட்டு வருவீர்கள்.

கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள்

அணைக்கட்டு, வான்கதவு, மின்நிலைய நீர் உள்வாங்கும் இடம் ஆகியவற்றின் பக்கமே போகக்கூடாது. காசல்ரீயும் மவுசாகலையும் மின்திட்டங்களுக்கானவை. கொத்மலை, விக்டோரியா பக்கம் மகாவலி அதிகார சபை. நன்னீர் மீன்பிடியைக் கவனிப்பது 1998ஆம் வருடச் சட்டத்தில் உருவான தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை. நக்டா என்றால் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் போகும் டேமில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட அனுமதி எப்படி என்று புறப்படும் முன்னால் அவர்களுடைய மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஒருமுறை கேட்காமல் போய், காவலுக்கு நின்றவரிடம் ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லி, கடைசியில் கம்பைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர்மேல் பிழையில்லை.

இன்னொரு அனுமதி தோட்டத்துடையது. கரைக்கு இறங்கும் பாதை பெரும்பாலும் தேயிலை மலை வழியாகத்தான். தோட்டக் காவல்காரரிடமோ கங்காணியிடமோ சொல்லிவிட்டுப் போனால் மரியாதை, பாதுகாப்பும்கூட. எந்த மலையில் குளவிக்கூடு இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கொழுந்து எடுக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது நம் ஊரில் வாராவாரம் கேட்கும் செய்தி. மரத்தடியில் கூச்சல் போட்டு, புகை மூட்டித் தேத்தண்ணி போடாதீர்கள்.

சாமான்

கடையில் பளபளப்பதை எல்லாம் வாங்க வேண்டாம். எட்டு அடி அல்லது பத்து அடி மடக்குக் கம்பு ஒன்று, ஒரு ரீல், 0.30 மில்லிமீட்டர் தங்கூஸ் (நைலான் நூல்), அதைவிட மெல்லிய 0.20 தங்கூஸ் கொஞ்சம், மிதப்பு நாலைந்து, ஈயக்குண்டு, 8, 10ஆம் நம்பர் கொக்கி திலாப்பியாவுக்கு, 4, 6 கெண்டைக்கு.

இரண்டு தங்கூஸ் எதற்கு என்றால், ரீலில் இருந்து வருவது தடித்தது, கொக்கி கட்டும் கடைசி ஒரு முழம் மெல்லியது. அடியில் மரக்கட்டையில் சிக்கினால் மெல்லியது அறும், கொக்கி மட்டும் போகும். முழுக்க ஒரே தடிப்பில் கட்டினால் மிதப்பு, ஈயம், பாதி தங்கூஸ் எல்லாம் போய், அந்த நூல் தண்ணீருக்குள் கிடந்து நீர்க்காகத்தின் காலைச் சுற்றும். நாங்கள் பதினேழு தடவை செய்த முட்டாள்தனம் இதுதான்.

இரைக்கு மண்புழுவை ஊரிலேயே தோண்டி, ஈரமான தேயிலைத் தூளோ சாணமோ கலந்த மண்ணில் வைத்துக்கொண்டு போங்கள். வரண்ட மாதத்தில் அங்கே போய்த் தோண்டினால் கிடைக்காது. கெண்டைக்குக் கோதுமை மா உருண்டை. மீனை ஓரிடத்துக்கு இழுத்துச் சேர்ப்பதற்கு அரிசித் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் இரண்டுக்கு ஒன்றாகக் கலந்து, தண்ணீர் தெளித்து, கையில் பிடித்தால் பிடிக்கொழுக்கட்டை மாதிரி நிற்கிற பதத்துக்குப் பிசைந்துகொள்ளுங்கள். தண்ணீரில் விழுந்ததும் உடைந்தால் பதம் சரியில்லை; அடிக்குப் போய் மெதுவாகக் கரைய வேண்டும்.

முதல் நாள்: கம்பை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்

இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்கமாட்டேன். எனக்குச் சொன்னவர் மவுசாகலையில் வள்ளத்தில் வலை போடும் ஒரு அண்ணன். இரண்டாவது தடவை போனபோது கரையில் அவரைப் பிடித்தேன்.

“அண்ணே, இப்ப எந்தப் பக்கம் கடிக்குது?”

“கடிக்கிறது கெடக்கட்டும் தம்பி. தண்ணி ஏறுதா எறங்குதான்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அவர் ஒரு குச்சியை ஒடித்து, தண்ணீர் தொடும் விளிம்பில் குத்திவிட்டு, “காலையில வந்து பாருங்க” என்று போய்விட்டார். மறுநாள் குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் ஈர மண். இறங்குகிறது. பெரிய டேமில் ஒரு இரவில் பெரிதாக மாறாது, ஆனால் திசை தெரிந்துவிடும். ஏறும்போது மீன் புதிதாக மூழ்கும் புல்லுக்குள் மேயக் கரைக்கு வரும். இறங்கும்போது கரையை நம்பாது, பள்ளம் தொடங்கும் விளிம்புக்குப் பின்வாங்கும். அதே இடத்தில், அதே இரையோடு, நேற்றுப் பிடித்தவன் இன்று வெறுங்கையோடு நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

குச்சி குத்திய பிறகு கரையோரம் நடங்கள். வெடித்த சேற்றில் வட்ட வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு அளவில் குழிகள் தெரியும். கால்நடைத் தடம் என்று நினைத்துவிடுவீர்கள். அவை திலாப்பியாவின் கூடுகள். தண்ணீர் உயர்ந்திருந்தபோது ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளி அள்ளித் துப்பிக் குழி செய்யும். பெண் அதில் முட்டையிட்டு, அதை வாயிலேயே எடுத்து வைத்து அடைகாக்கும். 1952இல் இலங்கைக்கு வந்த இந்த மீன் எல்லாத் தண்ணீரிலும் பெருகியதற்கு இந்த வாயும் ஒரு காரணம். கூடுகள் எந்த மட்டத்தில் இருக்கின்றன, அந்த மண் மணலா களியா என்று பாருங்கள். அதே மாதிரி மண் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில், இப்போதைய கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, புதுக் கூடுகள் இருக்கும்.

வெளியே தெரியும் மரக்கட்டை, பழைய கல் அணை, தேயிலை வேர்வரிசை எல்லாவற்றையும் படமெடுங்கள். பின்னால் உள்ள ஒரு மரமோ லயத்துக் கூரையோ படத்தில் வர வேண்டும். மே மாதம் தண்ணீர் மூடிய பிறகு அடையாளம் அதுதான். இந்தப் படங்கள் அடுத்த வருடமும் உதவும். தண்ணீர் மட்டம் மாறினாலும் அடி மாறாது.

தண்ணீரையும் கவனியுங்கள். ஓரிடத்தில் விடாமல் சின்னச் சின்னக் குமிழி வந்து தண்ணீர் கலங்கினால் கெண்டை அடியைக் கிளறுகிறது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மொய்த்தால் கீழே விரால் காவல் நிற்கிறது. சிங்களத்தில் கேட்க வேண்டி வந்தால் அதற்கு லூலா என்று பெயர். அந்த விராலைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் மிச்சம் குஞ்சு எல்லாம் மற்ற மீனுக்குத் தீனி.

இரண்டாம் நாள்: ஆழம் பார்த்து, அப்புறம் இரை

வன்னியில் குளத்துக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் நிற்பார்கள். இங்கே, 1,000 மீட்டருக்கு மேலே, அந்த அவசரம் வேண்டாம். பனி விலகி, வெயில் கரையில் விழுந்து, சேறு கையால் தொட்டால் வெதுவெதுப்பாக ஆகும் நேரம்தான் திலாப்பியாவுக்கு நேரம். எட்டரை, ஒன்பது. கெண்டைக்கு மட்டும் முன்னாலேயே போகலாம், அது குளிரைத் தாங்கும்.

முதலில் ஆழம். மிதப்புக்குக் கீழே, மிதப்பு தாங்காத அளவு கனமான ஈயக்குண்டை மட்டும் கட்டி எறியுங்கள். மிதப்பு அமிழ்ந்து போனால் ஆழம் நீங்கள் வைத்த நூலைவிட அதிகம்; படுத்துக் கிடந்தால் குறைவு. தலை மட்டும் தெரிய நின்றால் அதுதான் ஆழம். இப்படி ஐந்து, பத்து, பதினைந்து பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) என்று தூரம் மாற்றிப் போடுங்கள். இரண்டு முழமாக இருந்த ஆழம் திடீரென்று ஐந்து முழமாகும் இடம் வரும். பழைய ஆற்றின் விளிம்பு அல்லது பழைய ரோட்டின் ஓரம். அங்கேதான் உட்கார வேண்டும்.

ஈயத்தை மெதுவாக இழுக்கும்போது விரலை நூலில் வையுங்கள். களியில் பிசைந்த மாவுக்குள் இழுப்பது போல வழுவழுவென்று வரும். சரளையில் டிக் டிக்கென்று தட்டும். வேரில் கனத்து, ஒரு கணம் நின்று, விட்டுவிடும். சரளையும் களியும் சந்திக்கும் இடம் கிடைத்தால் நான் அன்று முழுக்க நகரமாட்டேன்.

தவிட்டு உருண்டை நாலைந்தை அந்த விளிம்பில் போட்டுவிட்டு அரை மணி நேரம் தேத்தண்ணி குடியுங்கள். ரொட்டியும் கட்டசம்பலும் கொண்டுபோயிருந்தால் அதற்கும் நேரம் இதுதான். அப்புறம் திலாப்பியாவுக்குப் புழுவை அடியிலிருந்து ஒரு சாண் மேலே, கெண்டைக்கு மா உருண்டையை அடியோடு. காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் இரை ஒதுங்கும். முகத்தில் காற்று அடிக்கும் இடம் வசதியில்லை, ஆனால் மீன் அங்கேதான்.

ஒரு மணி நேரம் கடியே இல்லையென்றால் இரையை மாற்றும் முன்னால் ஆழத்தை மாற்றுங்கள். ஆழமும் பலிக்காவிட்டால் குறித்து வைத்த அடுத்த இடத்துக்குப் போங்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மூட்டை கட்டுங்கள்

மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தால் கடித்துக்கொண்டிருந்தாலும் எழும்புங்கள். திறந்த கரையில் நிற்கும் உயரமான பொருள் நீங்கள்தான். கையில் இருப்பது கார்பன் கம்பு, இடி அதைத் தேடி வரும்.

இடிக்கு அடுத்தது சேறு. மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே முழங்காலுக்குக் களி. தடியால் குத்திப் பார்த்து, புல் முளைத்த இடத்தில் கால் வையுங்கள். இடுப்பு வரை போனால் எகிறாதீர்கள், மல்லாக்கச் சாய்ந்து காலை ஒவ்வொன்றாக உருவுங்கள். பிறகு நீச்சல். மலையகத்தில் பிறந்த நம்மில் பாதிப் பேருக்கு அது வராது. வந்தாலும் அந்தக் குளிரில், அந்தச் சேற்றில் உதவாது. மிதவை அங்கி இல்லாமல் வள்ளத்தில் ஏறாதீர்கள், யார் கூப்பிட்டாலும். காலில் காயம் இருந்தால் கலங்கல் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரலாம். வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டேமில் இறங்கியதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவசரத்துக்கு அம்பியூலன்ஸ் இலக்கம் 1990. சில வளைவுகளில் சிக்னல் இருக்காது என்பதால், எங்கே போகிறீர்கள் என்று அறைக்காரரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவதும் வேண்டாம். மேலே எங்கோ மழை பெய்து வான் பாய்ந்தால் உங்களுக்கு நிமிடக் கணக்கில்தான் நேரம்.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது

உள்ளங்கைக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். மிச்சத்தை அங்கேயே செவுள், குடல் எடுத்து, கரையில் எறியாமல் குழி தோண்டிப் புதையுங்கள். நாய்களும் பன்றிகளும் வந்தால் தோட்டத்து ஆட்களுக்குத்தான் தொல்லை. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டு போனால் கொழும்பு வரை தாங்கும். ஐஸ் ஹட்டனிலேயே வாங்கிவிடுங்கள், மேலே போனால் கிடைப்பது நிச்சயமில்லை. சேற்று வாடை இருக்கிறது என்று பலர் டேம் மீனை ஒதுக்குவார்கள். தோலையும் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வையும் எடுத்துவிட்டு, உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொறுக்காப்புளி கொஞ்சம் தாராளமாகப் போட்டு ஆக்கிப் பாருங்கள்.

மிஞ்சிய தவிட்டையும் புண்ணாக்கையும் நான் திரும்பக் கொண்டுவருவதில்லை. போன வருடம் அதை அந்த வள்ளக்கார அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு, “அடுத்த தடவ வந்தா அந்தப் பழைய பாலத்துப் பக்கம் போய்ப் பாருங்க” என்றார். எந்தப் பாலம் என்று கேட்பதற்குள் வள்ளத்தைத் தள்ளிவிட்டார். கூகுள் ஏர்த்தில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.